ஆவுடையம்மாள் வீட்டு வெயில்

கூரையைப் பிரித்து முடித்த அன்று மத்தியானம் தொட்டிக்காவு ஊர் முழுக்க மழை பெய்தது, ஆவுடையம்மாள் வீட்டுக்குள் மட்டும் வெயில் அடித்தது. மலையடிவாரத்து ஊர் அது. ஐப்பசி பிறந்தால் மழைக்கு வரும் வழிதான் தெரியும், போகும் வழி தெரியாது என்பார்கள். மேற்கே மலையை மறைத்துக்கொண்டு கிளம்பிய மழை, கோயில் கோபுரத்தை நனைத்து, பள்ளிவாசல் மினாராவை நனைத்து, பஸ் ஸ்டாண்டையும் பால் சொசைட்டியையும் நனைத்து, வடக்குத் தெருவுக்குள் நுழைந்து வீடு வீடாக நனைத்துக்கொண்டே வந்து, ஆவுடையம்மாள் வீட்டுச் சுவரைக் கண்டதும் ஒரு தாண்டு தாண்டி அடுத்த வீட்டிலிருந்து மறுபடி பெய்யத் தொடங்கியது. நான்கு சுவருக்கு மேலே, காலையில் ஓடு இருந்த இடத்தில், தேய்த்துக் கவிழ்த்த தாம்பாளம்போல ஒரு துண்டு நீல வானம் இருந்தது. அதிலிருந்து மஞ்சளாக வெயில் இறங்கி வந்து தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது.

ஞானதிரவியம் மேஸ்திரி அப்போது சுவர்மேல் நின்று தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தார். ஒரு தோளில் மழை, ஒரு தோளில் வெயில். சுவருக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தார், உள்ளே இழுத்துப் பார்த்தார். பிறகு தார்ப்பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்.

“எக்கா, இது தேவப்படாது போலருக்கே.”

ஆவுடையம்மாள் அண்ணாந்து பார்த்தாள். கண் கூசியது. “சரி, எறங்குங்க. கடுங்காப்பி போடுதேன்” என்றாள்.

ஆச்சரியப்படுவதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவளிடம் அது இல்லை. அவள் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கிப் பல வருஷம் ஆகிறது. புருஷன் திருமலையப்பன் மரக்கடையில் லோடு இறக்கும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கட்டிலோடு கிடந்தார்; மலையிலிருந்து இறங்கிவரும் குரங்குகள் ஓட்டின்மேல் குதித்துக் குதித்து, உடையாத ஓட்டை எண்ணுவதுதான் சுலபம் என்று ஆக்கி வைத்திருந்தன. மழை வந்தால் ஒழுகாத இடம் தேடி அவர் கட்டிலை அவள் இழுப்பாள். அந்த இடமும் ஒழுகும். வேறு இடத்துக்கு இழுப்பாள். இப்படி வீட்டுக்குள்ளேயே அவர்கள் இரண்டு பேரும் ஒரு யாத்திரை போய்க்கொண்டே இருந்தார்கள், விடிந்ததும் அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு உலை வைப்பாள். போன பங்குனியில் அவர் செத்துப்போனார். அழுது முடித்துத் தலையைச் சாய்த்தபோது, இனிமேலாவது தூங்கலாம் என்று ஒரு நினைப்பு அவளையும் மீறி வந்தது. ஆனால் கூரை அவர் கூடவே போய்விடவில்லையே, அது இருந்தது, ஒழுகியது. மழை மேலே பெய்ய வேண்டும், தான் கீழே படுத்திருக்க வேண்டும், எழுந்திருக்க வேண்டியதில்லை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். திருப்பூரிலிருந்த மகளும், ‘கூரைய மாத்திச் செஞ்சிருவோம்மா’ என்றாள். புரட்டாசியிலேயே வருகிறேன் என்ற மேஸ்திரி, இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து ஐப்பசியில்தான் வந்து ஏணி சாத்தினார்.

முகட்டு ஓடுகளை முதலில் நெம்பி எடுத்தார்கள். பிறகு சரிவு ஓடுகள் கைக்குக் கை மாறி இறங்கின. நல்லதைச் சுவரோரம் அடுக்கி, உடைந்ததைக் கொல்லையில் குவித்தார்கள். ஓட்டைத் தாங்கிய ரீப்பர் சட்டங்களை ஆணியோடு பிடுங்கினார்கள். ரீப்பரைத் தாங்கிய கைமரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் எல்லாவற்றையும் தாங்கிய முகட்டு உத்திரத்தைத் தட்டிப் பார்த்தால் அது மேளம்போல ஒலித்தது. வெளியே மரம், உள்ளே முழுக்கக் கரையான் புற்று. அதையும் இறக்கிவிட்டு, “புது உத்திரம் அறுத்து, காயவிட்டு, அதுக்குப் பொறவுதான்க்கா மத்ததெல்லாம்” என்றார் மேஸ்திரி. வீடு வாயைத் திறந்தபடி நின்றது அதனால்தான்.

முதலில் வந்தது அடுத்த வீட்டு செய்யதலி பாத்து. அவள் மகளுக்குப் பிள்ளை பிறந்து, பிள்ளை மஞ்சள் பூத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பியவர்கள், காலை வெயிலில் கொஞ்சம் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஐப்பசி மாசத்துத் தொட்டிக்காவில் வெயிலுக்கு எங்கே போவது? பாத்து குடையோடு வந்து வாசலில் நின்று, குடையை மடக்கி, உள்ளே பார்த்தாள்.

“எக்கா, உள்ள வெயிலா அடிக்கு?”

“ஆமாளா.”

“பிள்ளயக் கொண்டாரட்டுமா?”

“கொண்டா. அந்தச் செங்கத் தூசியத் தட்டிட்டுப் படுக்கப் போடு.”

பிள்ளை வெயிலில் கிடந்து கைகாலை உதறியதை எதிர்வீட்டுக்காரி பார்த்தாள். சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுப் பள்ளிக்கூட யூனிபாரம் வந்து சேர்ந்தது. மறுநாள் ஊறிப்போன தலையணைகள் வந்தன, வற்றல் மிளகாய் வந்தது, பூசணம் பூக்கத் தொடங்கியிருந்த புளி வந்தது, விதைநெல் வந்தது, ஈரத்தில் உப்பிச் சத்தம் கம்மிப்போன ஆர்மோனியம் ஒன்று ஆளில்லாமல் ஆட்டோவில் வந்தது. கோயிலிலிருந்து சாமி பரிவட்டங்கள் வந்தன, பள்ளிவாசலிலிருந்து தொழுகைப் பாய்கள் வந்தன, இரண்டும் ஒரே கொடியில் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்தன. பீடி சுற்றும் பெண்கள் மூங்கில் முறங்களில், சுளகு சுளகாகப் பீடியைக் கொண்டுவந்து வைத்தார்கள். மழைக்காலத்தில் கங்கு வைத்துப் பீடியை வாட்டிக் கண்ணெரிந்தவர்கள் அவர்கள், வெயிலைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். முட்டுவலிக்காரக் கிழவர்கள் வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். ஓடு உடைத்த குரங்குகளும் வந்து சுவர்த்தலையில் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்த்தன; அவற்றை விரட்ட யாருக்கும் மனசு வரவில்லை.

இது எப்படி என்று யோசித்தவர்களும் இருந்தார்கள். செத்துப்போன திருமலையப்பன் மேலே நின்று கையை விரித்து மறைக்கிறார் என்றார் ஒருவர். கையால் மறைத்தால் வெயிலும் சேர்ந்து அல்லவா மறையும் என்றார் இன்னொருவர். பேச்சு அதற்கு மேல் போகவில்லை, துணியைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. வார்டு மெம்பர் மாடக்கண்ணு மட்டும், கூரையைப் பிரித்தால் வெயில் வரும் என்றால் என் வீட்டுக்கும் வரட்டுமே என்று தன் அடுக்களைத் தகரத்தை ஆள்விட்டுக் கழற்றினார். மழை அண்டா அண்டாவாக உள்ளே இறங்கியது. அடுப்பு குளமாயிற்று. அவர் பெண்சாதி பையை எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு மெம்பருக்கு ஆவுடையம்மாள் வீட்டின்மேல் பெரிய மரியாதை உண்டாகி, நாள் தவறாமல் வந்து ஒழுங்கு பண்ணத் தொடங்கினார். காலை வெயில் பிள்ளைகளுக்கும் வலிக்காரர்களுக்கும், அடுத்த வெயில் தானியத்துக்கும் மிளகாய்க்கும், உச்சி வெயில் பீடிக்கு, இறங்கு வெயில் துணிக்கு என்று ஆயிற்று. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு இடம் பிரித்தார்கள். பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் மஞ்சள் கிழங்கு மூட்டையோடு வந்தபோது, “இது தொட்டிக்காவு வெயிலுவே, ஒம்ம ஊர்ல போயி ஒம்ம வெயிலத் தேடும்” என்று அனுப்பிவைத்தார்கள்.

மழையில் மண்சுவர் இடிந்தவர்கள், வீட்டில் முழங்கால் தண்ணீர் நின்றவர்கள், பாயோடு வந்து அங்கேயே படுத்துக்கொண்டார்கள். முதலில் ஓர் ஓரத்தில் படுத்தார்கள். பிறகு எல்லா ஓரத்திலும். ஆவுடையம்மாள் தன் பாயை நடு அறையிலிருந்து அடுக்களைக்கு நகர்த்தினாள், அடுக்களையிலிருந்து பின்வாசலுக்கு நகர்த்தினாள். ஒருநாள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சாமான் அறைக்குப் போய் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்தாள். அங்கேயும் ஒரு மூலையில் ஒழுகியது. சொட்டு விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே விடிய வைத்து, எழுந்து உலை வைத்தாள்.

அவள் எங்கே படுக்கிறாள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கெட்ட எண்ணத்தில் அல்ல. வெயில் வீட்டுக்காரிக்குப் படுக்க இடம் இருக்காதா என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

உத்திரம் அறுத்து வந்து இறங்கியது. வேங்கை மரம். அதையும் அந்த வீட்டுக்குள்தான் கிடத்திக் காயப்போட்டார்கள், ஊரில் மரம் காய வேறு இடம் ஏது? கிழவர்கள் அதன்மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். ஆவுடையம்மாள் தினமும் வேலையிலிருந்து வந்து மரத்தைத் தொட்டுப் பார்ப்பாள்.

“காஞ்சிட்டுல்லா மேஸ்திரி?”

“மேலாப்புல காஞ்சிருக்குக்கா. உள்ளுக்குள்ள ஈரமிருக்கும்.”

“இந்த வெயில்லயுமா?”

மேஸ்திரி தலையைச் சொறிவார். அவர் பெண்சாதி அன்னபாக்கியம் பீடி சுற்றுகிறவள். அவளுடைய சுளகுகள் வடக்குச் சுவரோரம் நல்ல இடத்தில் இருந்தன. வேலையை இழுக்கச் சொல்லி ஊரில் பாதிப்பேர் அவரிடம் சொல்லியிருந்தார்கள். இழுப்பது அவருக்குப் புது வேலையும் அல்ல.

ஒருநாள் மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது ஆவுடையம்மாளுக்குக் கண் இருட்டியது. கரண்டி கையிலிருந்து நழுவியது. “வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்கம்மா” என்றார் டீச்சர். மழையில் நனைந்துகொண்டே வந்து, தன் வீட்டு வாசல்படி ஏறி, வெயிலுக்குள் நுழைந்து நின்றாள். கால் வைக்க இடமில்லை. மிளகாய், பீடி, உளுந்து, பாய், கொடி கொடியாகத் துணி, துணிக்குக் கீழே துணி. வடக்குச் சுவரோரம் அன்னபாக்கியம் குனிந்து பீடியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“பாக்கியம், அந்தச் சுளகக் கொஞ்சம் ஒதுக்கேன். செத்த நேரம் தலையச் சாய்க்கணும்.”

அன்னபாக்கியம் நிமிராமலே சொன்னாள்: “இப்பதான்க்கா உச்சி வெயிலு. இது என் இடம்லா, வெயில் எறங்கட்டும், ஒதுக்குதேன்.”

ஆவுடையம்மாள் கோபப்படவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு மறுபடி மழையில் இறங்கித் தெருக்கோடி டீக்கடைக்கு நடந்துபோய், அங்கே உட்கார்ந்திருந்த ஞானதிரவியம் மேஸ்திரி முன்னால் நின்றாள்.

“நாளைக்கு உத்திரம் ஏத்துங்க.”

“எக்கா, உள்ளுக்குள்ள ஈரம்…”

“ஈரமாவே ஏத்துங்க.”

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “சரிக்கா” என்றார்.

சேதி அவள் வீடு திரும்புவதற்குள் வீட்டுக்கு வந்திருந்தது. அவ்வளவு நேரமும் இடமில்லாதிருந்த வீட்டில் அத்தனை பேரும் உட்கார இடம் இருந்தது. மெம்பர் மாடக்கண்ணு நடுவில் நின்றார்.

“ஆவுடையக்கா, கேள்விப்பட்டது நெசமா?”

“நெசந்தான்.”

“ஊருக்குப் பொதுவா வந்த வெயிலுக்கா இது.”

“வெயில் பொது, சரி. வீடு என்னுதுலா.”

“யாரு இல்லேன்னா? கார்த்திக கழியட்டும், மழை வெறிக்கட்டும், நாங்களே நின்னு கூரையப் போட்டுத் தாரோம். அதுவரைக்கும் ஒங்களுக்குப் படுக்கத்தான இடம் வேணும்? எங்க வீட்டு மாடியில படுங்க. இல்லன்னா ஒரு நாளைக்கு ஒரு வீடு. ராணி மாதிரி வச்சுக்கிடுதோம்.”

“நான் விருந்தாடியாப் போவணும்னு கேக்கல தம்பி. என் வீட்டுல கதவச் சாத்திட்டுப் படுக்கணும்.”

“ஒரு ஊரே நனையணுமாக்கா?”

பேசினால் ஆவுடையம்மாளுக்கு மூச்சு வாங்கியது. “ஊரு எப்பவும் நனைஞ்சுகிட்டுத்தான இருந்துச்சு. நானும் கூட நின்னு நனைஞ்சேன். அவரு கட்டில இழுத்துக்கிட்டு நான் அலைஞ்சப்ப இதே மழதான் பெஞ்சுச்சு. யாரையும் நான் குத்தஞ் சொல்லல. எனக்குத் தூங்கணும். அவ்வளவுதான்.”

சுவர்மேல் ஒரு குரங்கு கொட்டாவி விட்டது. கூட்டம் கலைந்தது, கலைந்தவர்கள் ஒத்துக்கொண்டு கலைந்தார்களா, ஒத்துக்கொள்ளாமல் கலைந்தார்களா என்பது மறுநாள் காலையில் தெரிந்தது.

மறுநாள் காலையில் ஒருவரும் வரவில்லை. மேஸ்திரியின் கையாட்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல். வழக்கமாக உத்திரம் ஏற்றும் வீட்டில் தெரு ஆண்கள் கூப்பிடாமலே வந்து தோள் கொடுப்பார்கள், தேங்காய் உடைப்பார்கள், சத்தம் போடுவார்கள். அன்றைக்குத் தெரு முழுக்கக் கதவு சாத்தியிருந்தது. ஞானதிரவியம் தனியாக வந்தார். சுவர்முகட்டில் ஏறிக் கப்பியைக் கட்டி, வடத்தைக் கோர்த்துக் கீழே விட்டு, உத்திரத்தின் ஒரு முனையைக் கட்டினார். பிறகு மேலேயே உட்கார்ந்து தெருவைப் பார்த்தார்.

“ஆள் வேணும்க்கா.”

ஆவுடையம்மாள் முந்தானையை இடுப்பில் சொருகி வடத்தைப் பிடித்தாள். இழுத்தாள். உத்திரம் அசையவில்லை. மரம் கனமா, தன் கை கனமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். வடம் உள்ளங்கையைக் கிழித்தது. அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. பாத்து பிள்ளையை மகளிடம் கொடுத்துவிட்டு வந்து வடத்தின் வாலைப் பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்தார்கள். உத்திரத்தின் முனை ஒரு விரல்கடை எழும்பி மறுபடி தரையில் உட்கார்ந்தது.

வாசலில் நிழல் தட்டியது. அன்னபாக்கியம் நின்றிருந்தாள். தலையில் முக்காடாகப் போட்ட சாக்கு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் பீடி சுற்றும் பெண்கள் ஏழெட்டுப் பேர். நாள் முழுக்க மடியில் சுளகை வைத்துக்கொண்டு குனிந்தே இருந்து கூன் விழத் தொடங்கிய முதுகுகள். இந்த வெயில் போனால் முதலில் அடிவாங்குவது அவர்கள் பீடிதான்.

“எக்கா,” என்றாள் அன்னபாக்கியம், “நேத்து நீங்க சொன்னப்ப நான் நிமிந்துகூடப் பாக்கல. ராவெல்லாம் அதான் நெனப்பு. ஒடம்பு நோவுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா…”

“பேச்ச விடு. கயித்தப் புடி.”

அவர்கள் பிடித்தார்கள். மேலிருந்து ஞானதிரவியம் ‘ஏலே’ என்று தொடங்கி, கீழே நிற்பது பெண்கள் என்று ஞாபகம் வந்து, ‘இழுங்கம்மா’ என்று முடித்தார். இழுத்தார்கள். பெருமூச்சும் முனகலும் ஏசலுமாக இழுத்தார்கள். ஒரு முனை சுவரேறியது. மறு முனைக்குக் கப்பியை மாற்றிக் கட்டி மறுபடி இழுத்தார்கள். உச்சி வெயிலுக்கு முன்னால் புது உத்திரம் இரண்டு சுவர்முகட்டிலும் பொருந்தி உட்கார்ந்துகொண்டது. தேங்காய் இல்லை, பாத்து தன் வீட்டிலிருந்து ஒரு பிடி சீனி கொண்டுவந்து எல்லோர் வாயிலும் போட்டாள். மறுநாள் மேஸ்திரியின் கையாட்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் விட்டிருந்தது.

அதற்குப் பிறகு வெயில் ஒரேயடியாகப் போகவில்லை. கூரை வளர வளர அது கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுப்பட்டது. உத்திரம் ஏறிய அன்று வீட்டின் நடுவே குறுக்காக ஒரு கறுத்த கோடு விழுந்தது; மிளகாய்க்காரர்கள் அந்தக் கோட்டை வரப்புபோல மதித்து இரண்டு பக்கமும் காயப்போட்டார்கள். கைமரங்களைச் சாய்த்து அடித்தபோது வெயில் விலா விலாவாகப் பிரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டைகள் ஒரு பட்டை காய்ந்தும் ஒரு பட்டை ஈரமாகவும் இருந்தன, பிள்ளைகள் அப்படியே போட்டுக்கொண்டு போனார்கள். ரீப்பர் அடித்த பிறகு வெயில் கட்டம் கட்டமாயிற்று. கைக்குட்டை அளவுக் கட்டங்கள். பீடிப் பெண்கள் சுளகைக் கட்டத்துக்குக் கட்டம் நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். கட்டத்துக்காக இரண்டு சண்டை நடந்தது, மூன்றாவது சண்டைக்கு யாருக்கும் சக்தி இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் சாமான்கள் திரும்பிப் போகத் தொடங்கின. பரிவட்டம் கோயிலுக்குப் போனது, பாய்கள் பள்ளிவாசலுக்குப் போயின. ஆர்மோனியத்தை எடுத்துப்போக வந்தவர் அங்கேயே ஒருமுறை அமுக்கிப் பார்த்தார், நன்றாகப் பாடியது. பாயோடு வந்து படுத்திருந்தவர்களின் இடிந்த சுவரை எழுப்ப மெம்பர் ஆளும் மண்ணும் ஏற்பாடு செய்தார். வெட்கத்தில் செய்தார் என்றும், பெண்சாதி திரும்பி வந்த சந்தோஷத்தில் செய்தார் என்றும் சொன்னார்கள்.

ஓடு வேய்வது கீழிருந்து மேலாக. இறவாரத்தில் முதல் வரிசை, அதன் தலையைக் கவ்விக்கொண்டு அடுத்த வரிசை. மேற்குச் சரிவு முழுக்க மூடிய அன்று பாத்து தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“எக்கா, கேக்கவே நாக்கு கூசுது. பிள்ளைக்குக் கண்ணு இன்னும் முழுசா வெளுக்கல.”

ஆவுடையம்மாள் தலையைத் திருப்பாமல் மேலே பார்த்துக் கூப்பிட்டாள்: “மேஸ்திரி, கெழக்கச் சரிவுல அந்தத் தெக்கு மூலைய மட்டும் கடைசியா மூடுங்க. பிள்ள கண்ணு வெளுக்கட்டும்.”

அப்படியே விட்டார்கள். மற்ற இடமெல்லாம் இருண்டுவிட்ட வீட்டில், காலையில் ஒரு சுளகு அளவுக்கு வெயில் வந்து தரையில் விழும். ஆவுடையம்மாள் பிள்ளையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் உட்காருவாள். வெயில் நகர்ந்தால் அவளும் நகருவாள். பிள்ளை தூங்கும். அவளுக்கும் கண் சொருகும், பிள்ளை நழுவிவிடுமோ என்று விழித்துக்கொள்வாள். பிள்ளையின் உள்ளங்கால் மஞ்சள் கரைந்து சிவந்தது. வயிறு வெளுத்தது. கடைசியில் கண்ணும் வெளுத்தது. அன்றைக்கு அது அவளை நேராகப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டது. அவள் அதைப் பாத்துவிடம் கொடுத்தாள்.

“போதும்லா?”

“போதும்க்கா.”

ஞானதிரவியம் மிச்சமிருந்த ஓடுகளோடு ஒரு கண்ணாடி ஓட்டையும் கொண்டுவந்திருந்தார். தன் செலவில் வாங்கியது. “எக்கா, எல்லா வீட்டுலயும் ஒண்ணு ரெண்டு பதிப்பாவ. வீட்டுக்குள்ள வெளிச்சத்துக்கு. அந்த மூலையில வச்சிருதேன். ஒரு பொட்டு வெயிலாவது நிக்கட்டுமே.”

கீழே வாசலில் நின்ற பெண்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு பொட்டு வெயில் என்றால் ஒரு பிடி மிளகாய். ஒரு பிடி மிளகாய்க்கு ஒரு வரிசை. வரிசை என்றால் திறந்த கதவு. ஆவுடையம்மாளுக்கு அது தெரிந்தது. அவர்களுக்கும் தெரிந்தது.

“வேண்டாம் மேஸ்திரி,” என்றாள். “மண் ஓடே போடுங்க. நல்லா இருட்டா இருக்கட்டும்.”

அவர் மண் ஓட்டை வைத்தார். கடைசி முகட்டோட்டைக் கவிழ்த்துச் சிமெண்டைப் பூசி வழித்துவிட்டு இறங்கினார். தெருவில் ஆட்கள் குடையும் சாக்குமாக நின்று அண்ணாந்து பார்த்தார்கள். தாண்டித் தாண்டிப் பழகிய மழை, அந்த வீட்டுக்கு மேலே வந்ததும் கொஞ்ச நேரம் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது. நீலத் துண்டு ஓரங்களில் சுருங்கியது. பிறகு புது ஓட்டில் ஒரு சொட்டு விழுந்தது, தள்ளி இன்னொன்று விழுந்தது, அப்புறம் மற்ற வீடுகளில் பெய்வதுபோலவே பெய்தது. கூட்டத்தில் யாரோ ‘ச்சு’ என்றார்கள். மெம்பர் குடையை மடக்கிவிட்டு நனைந்தபடியே வீட்டுக்கு நடந்தார்.

ஆவுடையம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மழை ஓட்டில் விழுந்து சரிந்து இறவாரத்தில் வழிகிற சத்தம் வீடு முழுக்க நிறைந்திருந்தது. நடு அறையில், நட்டநடுவில், பாயை விரித்தாள். கையைத் தலைக்கு வைத்தாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

ஊரில் மறுபடி எல்லாம் ஊறத் தொடங்கியது. மிளகாயில் பூசணம் பூத்தது. பீடிப் பெண்கள் பழையபடி கங்கு மூட்டினார்கள்; புகையில் கண்ணைக் கசக்கும்போது ஒருத்தி ஆவுடையம்மாளை ஏசினாள், இன்னொருத்தி ‘சும்மா கெட’ என்றாள். முட்டுவலிக் கிழவர்களில் இரண்டு பேர் அவளோடு இனிப் பேசப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பதிலாக அன்னபாக்கியம் போய் உலை வைத்தாள். சாம்பாரில் உப்புக் கரித்தது, பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். சேதி தெரியாத யாராவது ஈரத்துணி மூட்டையோடு அந்த வாசலுக்கு வந்தால், பக்கத்து வீட்டுப் படியில் பிள்ளையை மடியில் வைத்திருந்த பாத்து கையை உயர்த்துவாள்.

“அக்கா தூங்குதாவ. பொறவு வாங்க.”

வந்தவர்கள் கதவைப் பார்ப்பார்கள், ஓட்டைப் பார்ப்பார்கள், மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு போவார்கள். அந்த வீட்டைக் கடக்கிறவரைக்கும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

அவள் எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கதவு சற்றுத் திறந்தபோது வெளியே பொழுது விடிந்திருந்ததா, அடைந்திருந்ததா என்று சொல்ல முடியாதபடி மேகம் கவிந்திருந்தது. ஆவுடையம்மாள் தலை கலைந்து, முகத்தில் பாயின் தடம் பதிந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏளா பாத்து, இன்னைக்கு என்ன கெழம?”

பாத்து மடியிலிருந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“இன்னுங் கொஞ்சம் படுங்கக்கா,” என்றாள், “மழ விடல.”